பொறியியல் கலந்தாய்வில் சொற்கள் காலை வாரும் இடங்கள்

"உன் கட்-ஆஃப் எவ்வளவும்மா?"

"நூத்தி எழுபத்தெட்டரை அங்கிள்."

"நீ கேக்குற காலேஜுக்குக் கட்-ஆஃப் என்ன?"

"நூத்தி எண்பது."

"அப்ப கெடைக்காது, விடு."

ப்ளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் தமிழ்நாட்டின் எந்தத் தெருவிலும் காதில் விழுகிற பேச்சு இது. கட்-ஆஃப் என்ற சொல் இதில் இரண்டு முறை வருகிறது, இரண்டு வேறு பொருளில். முதலாவது, மாணவி வாங்கிய மதிப்பெண்ணை 200க்குச் சுருக்கியது. இரண்டாவது, போன ஆண்டு அந்தக் கல்லூரியில், அந்தப் பாடப்பிரிவில், ஏதோ ஓர் இன ஒதுக்கீட்டில் கடைசியாக இடம் வாங்கியவரின் மதிப்பெண். மூன்றாவதாக இன்னொன்றும் உண்டு: விண்ணப்பிக்கவே வேண்டிய குறைந்தபட்சத் தகுதி. கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் சேர்ந்து பொதுப் பிரிவினருக்கு 45 சதவீதம், ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவீதம். அதையும் கட்-ஆஃப் என்றே சிலர் சொல்வார்கள். அங்கிள் சொன்ன 180 எந்த வகுப்பினருக்கானது, எந்த ஆண்டினுடையது என்று கேட்காமல் "கெடைக்காது" என்ற முடிவுக்கு வருவது அவசரம்.

கணக்கு எளிது. கணித மதிப்பெண் அப்படியே 100க்கு. இயற்பியலும் வேதியியலும் பாதி பாதி, தலா 50க்கு. கணிதம் 92, இயற்பியல் 85, வேதியியல் 88 என்றால் 92 + 42.5 + 44 = 178.5. கணிதத்தில் போகும் ஒரு மதிப்பெண், மற்ற இரண்டில் போகும் இரண்டு மதிப்பெண்ணுக்குச் சமம் என்பது இதிலிருந்தே தெரியும். தமிழ், ஆங்கிலம், நான்காவது பாடம் எதுவும் இந்தக் கணக்கில் சேராது. கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடமாக எடுக்காமல் உயிரியல் எடுத்தவர் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர முடியாதோ என்று ஆண்டுதோறும் யாராவது பதறுவார்கள். தாராளமாகச் சேரலாம்.

நான்காவது பாடம் வேலைக்கு வருகிற இடம் வேறு. இன்னொரு மாணவர் கணிதம் 90, இயற்பியல் 90, வேதியியல் 87 வாங்கியிருக்கிறார். 90 + 45 + 43.5, அவருக்கும் 178.5. இருவரில் யார் முன்னால்? முதலில் கணிதம் பார்ப்பார்கள், ஆகவே 92 வாங்கியவர் முன்னால். கணிதமும் சமமானால் இயற்பியல், அதுவும் சமமானால் நான்காவது பாடம், பிறகு ப்ளஸ் டூ மொத்தம், பிறகு பத்தாம் வகுப்பு மொத்தம், பிறகு பிறந்த தேதியில் மூத்தவர். கடைசியாகத்தான் ரேண்டம் எண், அதாவது விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் கணினி குருட்டாம்போக்கில் தருகிற எண். பெரிய எண் உள்ளவருக்கு முன்னுரிமை. ரேண்டம் எண் வெளியான அன்று அதிர்ஷ்டம் பார்ப்பதுபோல எண்ணைப் பார்த்து முகம் வாடுபவர்கள் உண்டு. அந்த எண் வரைக்கும் போய்த் தீர்மானமாகிறவர்கள் மிகச் சிலரே.

சி.பி.எஸ்.இ. மாணவர்களுக்கு 'நார்மலைசேஷன்' என்று ஒரு சொல் கூடுதலாக வரும். அவர்கள் வாரியத்தில் ஒரு பாடத்தின் அதிகபட்சம் 90, மாநில வாரியத்தில் 100 என்றால் இரண்டையும் சமமாக வைப்பார்கள். அங்கே 60 வாங்கியவருக்கு 60 × 100 / 90 = 66.66 என்று கணக்காகும். இரண்டு வாரியத்திலும் யாரோ ஒருவர் 100 வாங்கிவிட்டால் எதுவும் மாறாது. ஆகவே "நார்மலைசேஷன்ல ஏறிடும்" என்று நம்பிப் பட்டியல் போடக் கூடாது.

பொறியியல் கட்-ஆஃபை வேறு படிப்புக்குக் கொண்டுபோகவும் முடியாது. கால்நடை மருத்துவத்தில் உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் மொழிப்பாடங்கள் நீங்கலாக நான்கு பாடங்களையும் கூட்டி 400க்குப் பார்ப்பார்கள். தமிழ் இலக்கியம் கேட்பவருக்குத் தமிழ் மதிப்பெண். கட்டடக்கலைப் படிப்பான பி.ஆர்க். என்றால் நாட்டா போன்ற தனித் திறனறித் தேர்வும் எழுதியிருக்க வேண்டும்.

இனி சான்றிதழ்கள். மதிப்பெண் இருந்தும் இடம் நழுவுவது பெரும்பாலும் இங்கேதான். விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய், எஸ்.சி., எஸ்.சி.ஏ. (அருந்ததியர்), எஸ்.டி. பிரிவினருக்கு 250. கட்டிப் பதிவு செய்வதற்கு முன்னால் சாதிச் சான்றிதழை எடுத்து வைத்துப் படியுங்கள். அதில் எழுதியிருக்கும் சாதிப் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதுதான் முக்கியம், வீட்டில் சொல்லும் பெயர் முக்கியமில்லை. பி.சி., பி.சி.எம். (முஸ்லிம்), எம்.பி.சி./டி.என்.சி. (மிகவும் பிற்பட்டோர், சீர்மரபினர்) என்று விண்ணப்பத்தில் தேர்ந்தெடுப்பதும் சான்றிதழில் அச்சாகியிருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். எஸ்.சி.யிலிருந்து கிறித்தவத்துக்கு மாறிய குடும்பத்தினர் மாநிலப் பட்டியலில் பி.சி. என்பது பலருக்கு விண்ணப்பிக்கும் அன்றுதான் தெரிய வருகிறது.

இதிலேயே இன்னொரு குழப்பம். மாநிலத்தின் பி.சி., எம்.பி.சி. ஒதுக்கீட்டுக்கு வருமான வரம்பு கிடையாது. என்.ஐ.டி., ஐ.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களுக்குக் கேட்கும் ஓ.பி.சி.-என்.சி.எல். (பிற்பட்டோரில் வசதி படைத்த 'கிரீமி லேயர்' அல்லாதவர்) தனிச் சான்றிதழ். அதற்கு வருமானம் பார்ப்பார்கள், அந்த நிதியாண்டில் வாங்கியதாகவும் இருக்க வேண்டும். இங்கே வாங்கிய சாதிச் சான்றிதழை அங்கே காட்டினால் செல்லாது. அதேபோல பொருளாதாரத்தில் நலிந்த முற்பட்ட வகுப்பினருக்கான இ.டபிள்யூ.எஸ். என்ற 10 சதவீத ஒதுக்கீடு மாநிலப் பொறியியல் கலந்தாய்வில் கிடையாது. அந்தச் சான்றிதழுக்காக இங்கே அலைய வேண்டாம்.

எட்டு முதல் ப்ளஸ் டூ வரை தமிழ்நாட்டில் படித்தவருக்கு நேட்டிவிட்டி சான்றிதழ், அதாவது தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்ற சான்று, தேவையில்லை. பெங்களூரிலோ துபாயிலோ சில வகுப்புகள் படித்துவிட்டு வந்த தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் தேவை. நேட்டிவிட்டி வேறு, வசிப்பிடச் சான்று வேறு, பிறப்புச் சான்றிதழ் இரண்டும் இல்லை. இ-சேவை மையத்தில் "பிறந்த சர்டிஃபிகேட்" என்று கேட்டுவிட்டுத் தப்பான தாளோடு திரும்பாமல் இருக்க எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்: 101 சாதி, 102 நேட்டிவிட்டி, 103 வருமானம், 104 முதல் பட்டதாரி. விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று படிப்படியாக வட்டாட்சியர் அலுவலகம் போக வேண்டும். தேர்வு முடிவு வந்த பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் போய் நிற்பார்கள். தேர்வு எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருக்கும் ஏப்ரலில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

முதல் பட்டதாரி என்ற சொல்லை 'அப்பா அம்மா டிகிரி படிக்கவில்லை' என்று மட்டும் புரிந்துகொள்கிறார்கள். தாத்தா பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தவர் யாருமே பட்டதாரியாக இருக்கக் கூடாது. அண்ணன் மூன்றாம் ஆண்டு பி.இ. படிக்கிறான், இன்னும் பட்டம் வாங்கவில்லை, ஆனால் இதே சலுகையை அவன் வாங்கிக்கொண்டிருக்கிறான் என்றால் தங்கைக்குக் கிடைக்காது. டிப்ளமோ பட்டமில்லை, அப்பா பாலிடெக்னிக் படித்திருந்தால் அது தடையாகாது. சான்றிதழோடு, கலந்தாய்வுக் கையேட்டில் இருக்கும் கூட்டு உறுதிமொழிப் படிவத்தையும் கையெழுத்திட்டு ஏற்ற வேண்டும். சான்றிதழ் இருந்தும் அந்தப் படிவம் விட்டுப்போனவர்கள் நிறைய. கல்லூரி தானே நிரப்புகிற நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இந்தக் கல்விக் கட்டணச் சலுகை கிடையாது என்பதையும், "எங்ககிட்டயே சேந்துடுங்க, எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்று அழைக்கும் ஏஜென்ட் சொல்ல மாட்டார்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 7.5 சதவீத இடங்கள். இவர்களுக்கு இரண்டு ரேங்க் வரும், பொதுவில் ஒன்று, அரசுப் பள்ளிப் பிரிவில் ஒன்று. இரண்டிலும் கலந்துகொள்ளலாம். கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்பது 7.5 ஒதுக்கீட்டில் சேர்பவர்களுக்குத்தான். "பொதுவிலேயே கெடச்சிடுச்சு, ரேங்க்ல வாங்கினேன்" என்ற பெருமையில் பொது இடத்தை ஏற்றுக்கொண்டு, பிறகு கட்டணத் தாளைப் பார்த்துத் திகைப்பவர்கள் உண்டு. இரண்டு இடமும் வந்தால் கல்லூரிகளை மட்டும் ஒப்பிடாமல், நான்கு ஆண்டுச் செலவையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

விண்ணப்பத்தில் கொடுக்கிற கைப்பேசி எண் பற்றி ஒரு வார்த்தை. பிரவுசிங் சென்டரில் பதிவு செய்பவர்கள் பலர் கடைக்காரரின் எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்துவிட்டு வருகிறார்கள். ஓ.டி.பி., சான்றிதழில் குறை என்ற தகவல், ஒதுக்கீட்டுச் செய்தி எல்லாம் அவருக்குப் போகும். விருப்பப் பட்டியலைப் பூட்ட வேண்டிய கடைசி நாள் மாலை கடை பூட்டியிருந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? வீட்டில் எப்போதும் இருக்கிற எண், நீங்களே வைத்த கடவுச்சொல், இரண்டையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ரேங்க் வந்ததும் ஓ.சி. என்ற சொல்லில் தடுக்கி விழுகிறார்கள். ஓ.சி. என்றால் 'முற்பட்ட வகுப்பு' என்று பலர் நினைக்கிறார்கள். பொதுப் போட்டி என்பதுதான் அதன் பொருள். 31 சதவீத இடங்கள், எல்லா வகுப்பினருக்கும் திறந்தவை. மீதி 69இல் பி.சி. 26.5, பி.சி.எம். 3.5, எம்.பி.சி./டி.என்.சி. 20, எஸ்.சி. 15, எஸ்.சி.ஏ. 3, எஸ்.டி. 1. ஒரு பி.சி. மாணவியின் முறை வரும்போது கணினி முதலில் ஓ.சி. இடம் இருக்கிறதா என்று பார்க்கும், இல்லையென்றால்தான் பி.சி. இடம். அதனால் போன ஆண்டுப் பட்டியலைப் பார்க்கும்போது ஓ.சி. வரிசையை மட்டும் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். தன் வகுப்பின் வரிசையில் கடைசி இடம் எங்கே முடிந்தது என்று பாருங்கள். மதிப்பெண்ணை மதிப்பெண்ணோடு ஒப்பிடுவதைவிட ரேங்க்கை ரேங்க்கோடு ஒப்பிடுவது மேல். வினாத்தாள் எளிதாக இருந்த ஆண்டில் அதே 178.5க்குப் பல ஆயிரம் ரேங்க் பின்னால் போய்விடும்; ரேங்க் அந்த அளவுக்கு ஏமாற்றாது. ஆனால் அதுவும் கல்வெட்டில்லை. 2024-25 முதல், பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ., தரமான கல்லூரிகளுக்கு மாணவர் எண்ணிக்கையின் உச்சவரம்பைத் தளர்த்தியது. கம்ப்யூட்டர் சயின்ஸில் இடங்கள் கூடினால் அந்தப் பிரிவில் கடைசி ரேங்க் பின்னுக்குத் தள்ளிப்போகும்.

இப்போது விருப்பப் பட்டியல். எல்லாவற்றிலும் அதிகமாகத் தவறு நடக்கிற இடம் இதுதான், அதற்குக் காரணமும் இருக்கிறது. 2018க்கு முன்னால் கலந்தாய்வு என்றால் அழைத்த நாளில் சென்னை கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். திரையில் அந்த நொடியில் காலியாக இருக்கும் இடங்கள் தெரியும், பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 2018இல் அது ஆன்லைனுக்கு மாறியது; 2019 முதல் அண்ணா பல்கலைக்கழகத்திடமிருந்து தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் கைக்கு வந்தது. இப்போது எது காலி என்று தெரியாமலே முழுப் பட்டியலையும் முன்கூட்டிக் கொடுத்துவிட வேண்டும். பழைய முறையில் இடம் வாங்கிய அண்ணன்களும் சித்தப்பாக்களும் இன்றும் யோசனை சொல்கிறார்கள். "மொதல்ல கெடைக்கிற காலேஜைப் போட்டுடு, அப்பறம் பெரிய காலேஜைப் போடு" என்பது அப்படி வந்த யோசனைதான். இதைக் கேட்டால் கதை முடிந்தது.

கணினி செய்வது இதுதான். முதல் ரேங்க்காரரின் பட்டியலை மேலிருந்து படிக்கிறது, இடம் இருக்கிற முதல் வரியில் நிற்கிறது, அதைக் கொடுத்துவிட்டு இரண்டாம் ரேங்க்காரரிடம் போகிறது. உங்கள் முறை வரும்போதும் அதே வேலைதான். ஒரு கல்லூரியை முதல் வரியில் போட்டவருக்கு அந்தக் கல்லூரியில் கூடுதல் உரிமை எதுவும் இல்லை. நீங்கள் அதை முதல் வரியில் போட்டிருக்கிறீர்கள், இன்னொருவர் முப்பதாவது வரியில் போட்டிருக்கிறார், அவர் ரேங்க் உங்களைவிட முன்னால் இருக்கிறது, அவருடைய மேல் வரிகள் எதுவும் கிடைக்கவில்லை என்றால் அந்த இடம் அவருக்குத்தான். எட்டாத கல்லூரியை மேலே போடுவதால் எந்த நஷ்டமும் கிடையாது. கணினி அதைத் தாண்டிக் கீழே வரும். எளிதில் கிடைக்கிற கல்லூரியை மேலே போட்டால் அங்கேயே நின்றுவிடும், கீழே எழுதியதை எட்டிக்கூடப் பார்க்காது. ஆக, வரிசை ஆசையைப் பொறுத்தது. கிடைக்குமா கிடைக்காதா என்ற கணக்கு, பட்டியல் எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்ய மட்டும்.

எண்ணிக்கைக்கு வரம்பில்லை. நடுத்தர ரேங்க்கில் இருப்பவர் பத்து வரியோடு நிறுத்திக்கொள்வது ஆபத்து. போன ஆண்டின் கடைசி ரேங்க் உங்களைவிடச் சற்று முன்னால் முடிந்த கல்லூரிகள் ஒரு பதினைந்து, ஏறத்தாழ உங்கள் ரேங்க்கை ஒட்டியவை முப்பது, நிச்சயம் என்று தோன்றுபவை ஒரு பதினைந்து என்று தாளில் முதலில் எழுதுங்கள். கல்லூரிப் பெயரோடு அதன் குறியீட்டு எண்ணையும் எழுத வேண்டும். ஒரே சாமி பெயரில், ஒரே புனிதர் பெயரில், ஒரே அறக்கட்டளையின் பெயரில் நான்கைந்து கல்லூரிகள் இருக்கும்; மாவட்டம்கூட ஒன்றாக இருக்கலாம். குறியீட்டு எண்தான் ஏமாற்றாது.

பாடப்பிரிவின் பெயரிலும் கவனம் வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு இப்போது சொந்தக்காரர்கள் அதிகம்: ஆர்டிஃபிஷியல் இன்டெலிஜன்ஸ் அண்ட் டேட்டா சயின்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் அண்ட் பிசினஸ் சிஸ்டம்ஸ், சைபர் செக்யூரிட்டி என்று. சில பி.இ., சில பி.டெக். இந்தக் கலந்தாய்வுக் கல்லூரிகளில் பி.இ.க்கும் பி.டெக்.குக்கும் ஏற்றத்தாழ்வு கிடையாது, பாடப்பிரிவைப் பொறுத்து வைத்த பெயர் மட்டுமே. பெயருக்குப் பின்னால் 'எஸ்.எஸ்.' என்று இரண்டெழுத்து இருந்தால் நின்று கவனியுங்கள். கோவை பி.எஸ்.ஜி. டெக், மதுரை தியாகராஜர் போன்ற அரசு உதவிபெறும் கல்லூரிகளில் உதவிபெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் ஒரே வளாகத்தில் நடக்கும். எஸ்.எஸ். என்பது சுயநிதி, கட்டணம் கணிசமாகக் கூடும். கட்டணத்தைப் பார்த்துவிட்டுத்தான் அந்த வரி எங்கே வர வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டும்.

கல்லூரி வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிண்டி பொறியியல் கல்லூரி, ஏ.சி.டெக்., குரோம்பேட்டை எம்.ஐ.டி. ஆகியவை பல்கலைக்கழகத் துறைகள், அதாவது அண்ணா பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகங்கள். உறுப்புக் கல்லூரி என்றால் பல்கலைக்கழகமே வெளியூரில் நடத்துவது. இணைவு பெற்ற கல்லூரி என்றால் நடத்துவது வேறொருவர். பாடத்திட்டமும் பட்டமும் பல்கலைக்கழகத்தினுடையது. தன்னாட்சிக் கல்லூரி பாடத்திட்டத்தையும் வினாத்தாளையும் தானே தயாரிக்கும், பட்டச் சான்றிதழில் மட்டும் அண்ணா பல்கலைக்கழகப் பெயர் வரும். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் தனி ரகம். அதன் இடங்கள் இந்தக் கலந்தாய்வில் வராது, சேர்க்கையும் கட்டணமும் அவர்களுடையது. சுயநிதிக் கல்லூரியில் 65 சதவீதம் அரசு ஒதுக்கீடு. சிறுபான்மையினர் நடத்துவதானால் 50.

நுழைவாயில் பதாகையில் மின்னும் நாக், என்.பி.ஏ. என்ற தர அங்கீகாரங்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். நாக் கல்லூரி முழுவதற்கும் கொடுப்பது, 4க்கு 3.51ஓ அதற்கு மேலோ வாங்கிய கல்லூரிகளுக்கு ஏ பிளஸ் பிளஸ் என்று கிரேடு கொடுத்துவந்தது. என்.பி.ஏ. ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாகக் கொடுப்பது. "என்.பி.ஏ. அங்கீகாரம் பெற்றது" என்ற பதாகை மெக்கானிக்கலுக்கு மட்டும் உண்மையாக இருக்கலாம், நீங்கள் சேரப்போகும் பிரிவுக்கு இல்லாமல் இருக்கலாம். எந்தப் பிரிவுக்கு, எந்த ஆண்டுவரை என்று கேட்க வேண்டும். ஏ.ஐ.சி.டி.இ. ஒப்புதல் என்பதைப் பெருமையாகப் போடுவார்கள். அது கல்லூரி நடத்தவே வேண்டிய அனுமதி.

ஒதுக்கீடு வந்த பிறகு இரண்டு தாள்கள் வரும். ஆங்கிலத்தில் ஒன்று டென்டேடிவ், இன்னொன்று ப்ரொவிஷனல். தமிழில் இரண்டையுமே 'தற்காலிக ஒதுக்கீடு' என்று எழுதிவிடுகிறோம், வினையே அங்கிருந்துதான் தொடங்குகிறது. டென்டேடிவ் என்பது, "இந்த இடம் வருகிறது, உங்களுக்குச் சம்மதமா?" என்ற கேள்வி. இரண்டே நாளில் பதில் சொல்ல வேண்டும். பதில் சொன்ன பிறகு வருவதுதான் ப்ரொவிஷனல், அதாவது ஆணை. முதல் தாளை அச்செடுத்து உறவினருக்கெல்லாம் காட்டி இனிப்பும் கொடுத்துவிட்டு, உள்ளே போய் உறுதி செய்யாமல் இருந்தால் இடம் போய்விடும்.

பதில் சொல்ல ஐந்து வழிகள் திரையில் இருக்கும். நாற்பது வரிப் பட்டியலில் 12ஆவது வரி உங்களுக்கு வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம்.

'ஏற்றுச் சேர்கிறேன்' என்றால் 12ஆவது போதும், அதோடு முடிந்தது. குறித்த நாளுக்குள் அந்தக் கல்லூரிக்கே போய்க் கட்டணம் கட்டிச் சேர வேண்டும். போகாவிட்டால் இடம் ரத்தாகி, காத்திருப்பவருக்குப் போகும்.

'ஏற்று, மேல்நோக்கி நகர விரும்புகிறேன்' என்றால் 12ஐக் கையில் வைத்துக்கொண்டு 1 முதல் 11 வரை ஏதாவது காலியாகுமா என்று காத்திருப்பது. இவர்கள் கல்லூரிக்குப் போகக் கூடாது. பணத்தைக் கலந்தாய்வு உதவி மையத்தில் கட்ட வேண்டும். கட்டவில்லையென்றால் 12உம் போகும், காத்திருப்பும் போகும். இதில் பலருக்குப் புரியாத ஒன்று: 7ஆவது வரி காலியானால் கணினி உங்களைக் கேட்காமலே அங்கே மாற்றிவிடும். "இல்லை, 12தான் வேண்டும்" என்று திரும்ப முடியாது, அதை அதற்குள் வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது. பட்டியலைப் பூட்டிய பிறகு வரிகளை அழிக்கவும் முடியாது. அதனால்தான், போக மனமில்லாத கல்லூரியை 'சும்மா கெடக்கட்டும்' என்று மேலே போட்டு வைக்கக் கூடாது. ஊரிலிருந்து முந்நூறு கிலோமீட்டர் தள்ளி விடுதியில் தங்கிப் படிக்க அனுப்ப மாட்டோம் என்று வீட்டில் முடிவானால், அந்தக் கல்லூரி பட்டியலிலேயே இருக்கக் கூடாது.

மூன்றாவது, 'மறுத்து, மேல்நோக்கி நகர விரும்புகிறேன்'. 12ஐ விட்டுக்கொடுத்துவிட்டு 1 முதல் 11ஐ மட்டும் நம்புவது. இரண்டாவதுக்கும் இதற்கும் திரையில் ஒரு சொல்தான் வித்தியாசம், கைதவறி இதை அழுத்தியவர்களின் பாடு சொல்லி மாளாது. நான்காவது, இந்தச் சுற்றை விட்டு அடுத்த சுற்றுக்குப் போவது. அங்கே இந்தச் சுற்றில் இருப்பவர்கள் எடுத்தது போக மீதிதான் இருக்கும். நல்ல ரேங்க்கை வைத்துக்கொண்டு இதை அழுத்த எந்தக் காரணமும் தெரியவில்லை. ஐந்தாவது, கலந்தாய்வை விட்டே விலகுவது. மருத்துவமோ வேறு படிப்போ உறுதியானவர்களுக்கு மட்டும்.

உறுதி செய்ததும் வரும் திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பொதுக் கலந்தாய்வில் ஏற்கெனவே இடம் எடுத்தவர்கள், பிறகு நடக்கும் துணைக் கலந்தாய்வில் கலந்துகொள்ள முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

சேரும் நாளில் கல்விக் கட்டணம் வேறு. பேருந்து, விடுதி, 'பிளேஸ்மென்ட் டிரெய்னிங்' என்பவை வேறு. எதற்கு எவ்வளவு என்று ரசீதில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் திருப்பித்தர வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்பது ஏ.ஐ.சி.டி.இ. விதி. குறித்த கடைசித் தேதிக்கு முன்னால் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது என்பதும் அதன் விதிதான். விலகல் கடிதத்தைத் தேதியிட்டுக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும்.

வகுப்பு தொடங்கியதும் இன்னொரு சொற்கூட்டம் வரும். பாடத்திட்டப் புத்தகத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே எல், டி, பி, சி என்று நான்கு கட்டங்கள் இருக்கும். வாரத்துக்கு எத்தனை விரிவுரை, எத்தனை டுடோரியல், எத்தனை செய்முறைப் பீரியட், மொத்தம் எத்தனை கிரெடிட் என்பது அதன் பொருள். ஒரு விரிவுரைப் பீரியடுக்கு ஒரு கிரெடிட், செய்முறையில் இரண்டு பீரியடுக்கு ஒரு கிரெடிட். மூன்று விரிவுரையும் இரண்டு செய்முறையும் உள்ள பாடத்துக்கு நான்கு கிரெடிட்.

ஜி.பி.ஏ. கணக்கில் இந்தக் கிரெடிட்தான் எடைக்கல். ஓ கிரேடுக்கு 10, ஏ பிளஸுக்கு 9, ஏ 8, பி பிளஸ் 7, பி 6, சி 5. நான்கு கிரெடிட் பாடத்தில் ஏ, மூன்று கிரெடிட் பாடத்தில் பி பிளஸ், இரண்டு கிரெடிட் லேபில் ஓ வாங்கினால், 32 + 21 + 20 = 73; அதை மொத்தக் கிரெடிட் 9ஆல் வகுத்தால் 8.11. எல்லா செமஸ்டரையும் சேர்த்து இதே கணக்கைப் போட்டால் சி.ஜி.பி.ஏ. செமஸ்டர் ஜி.பி.ஏ.க்களைக் கூட்டிச் சராசரி எடுத்தால் விடை தவறும், ஒவ்வொரு செமஸ்டருக்கும் கிரெடிட் வேறு.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு விதித்தொகுப்பான ரெகுலேஷன் 2021இன்படி தியரிப் பாடத்தில் இன்டர்னல் 40, பல்கலைக்கழகத் தேர்வு 60. இரண்டும் சேர்ந்து 50 வந்தால் தேர்ச்சி என்று நினைத்து ஏமாறுவார்கள். செமஸ்டர் தேர்வில் மட்டும் தனியாக 45 சதவீதமாவது எடுத்திருக்க வேண்டும். இன்டர்னலில் 38 வாங்கியவர் தேர்வில் 100க்கு 40 எடுத்தால், சுருக்கிக் கூட்டும்போது 62 வந்தும் அரியர்தான். வருகைப்பதிவு 75 சதவீதம். மருத்துவக் காரணம் இருந்தால் 65 வரை சலுகை, அதற்கும் சான்றிதழை உடம்பு சரியானவுடனே கொடுக்க வேண்டும். செமஸ்டர் கடைசியில் கொண்டுவரும் மருத்துவச் சான்றிதழைத் துறைத்தலைவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

அரியரிலும் இரண்டு வகை. 'ஸ்டாண்டிங் அரியர்' என்றால் இன்னும் முடிக்காமல் நிற்பது. 'ஹிஸ்டரி ஆஃப் அரியர்' என்றால் எப்போதோ விழுந்து பிறகு எழுந்தது. வேலைக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனம் எதைக் கேட்கிறது என்று அறிவிப்பில் பாருங்கள். ஸ்டாண்டிங் அரியர் கூடாது என்று மட்டும் எழுதியிருந்தால், இரண்டாம் செமஸ்டரில் கணிதத்தில் விழுந்து மூன்றாம் செமஸ்டரில் முடித்தவரும் தைரியமாகப் பெயர் கொடுக்கலாம்.